தொண்டையில் சிக்கிய உருளைக்கிழங்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று காலை பண்ணையில் ஒரு பசுவின் தொண்டையில் முழு உருளைக்கிழங்கு சிக்கிவிட்டது. எச்சில் ஒழுகியது, இடப்பக்க வயிறு உப்பிக்கொண்டே வந்தது. கையை விட்டு எடுக்கப் பார்த்தேன்.

"கைய விடாதீங்க, கடிச்சிடும். தண்ணியும் காட்டாதீங்க, வந்துட்டேன்" என்றார் நான் போனில் கூப்பிட்ட மாட்டு டாக்டர், இந்த ஊர் மொழியில்; அவருக்குத் தமிழ் தெரியாது.

அவர் வரும்வரை, "பொறுத்துக்கம்மா, இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே அதன் நெற்றியைத் தடவினேன். டாக்டர் வந்து, கழுத்தை வெளியிலிருந்து அழுத்தி, கிழங்கை மேலே தள்ளி எடுத்துவிட்டார். பசு பிழைத்தது.

"உங்க பாஷை அதுக்குப் புரியுது போல" என்று சிரித்தார்.

போன ஞாயிறு உங்களிடம் பேசியபின் நான் தமிழ் பேசியது அந்தப் பசுவிடம்தான்.

இந்த ஞாயிறு கூப்பிடுவேன். 'உனக்கு வேலை இருக்கும்' என்று சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுச் சண்டையையாவது சொல்லுங்கள்.

பால் கறக்கக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் சின்னவன்