துடுப்புகளோடு வா, வெய்க்கோ

வெய்க்கோ, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் எழுதி வைத்த இந்தச் சீட்டுக்குக் கிட்டே வா. ஒரு கதை சொல்கிறேன்.

ஒரு கிழவனும் கிழவியும் போன வாரம் முதன்முதலாகத் தம்பதி ஆலோசகரிடம் போனார்கள். ஆலோசகர் ஹென்னா, "யார் முதல்ல சொல்றீங்க?" என்று கேட்டாள். கிழவன் ஜன்னலைப் பார்த்தான். கிழவி கம்பளத்தைப் பார்த்தாள். ஹென்னாவும் நம் பின்லாந்துக்காரிதானே, அவளும் சுகமாகப் பேசாமல் இருந்துவிட்டாள். நாற்பத்தைந்து நிமிடம் முடிந்தது. வாசலில், "சொல்ல வரலேன்னா, மனசுல இருக்கறதைக் கையில எடுத்துட்டு வாங்க" என்றாள். தெருவுக்கு வந்ததும் கிழவன், "நல்லாப் பேசினோம் ஐலி. எல்லாம் சரியாப் போச்சு, இனி வர வேணாம்" என்றான். அன்றும் சவுனாவின், அந்த நீராவிக் குளியல் அறையின், முன்னறையில் படகுத் துடுப்புகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் படுத்தான்.

ஒன்றும் சரியாகவில்லை, வெய்க்கோ. உன்னைக் கேட்காமல் உன் படகை உன் தம்பிக்குக் கொடுத்தது என் தப்பு. மூன்று வாரமாக அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று இரண்டு மணிக்கு, ஹென்னா முன்னால் சொல்லப் போகிறேன். நான் முன்னாலேயே போய் உட்கார்ந்து பழகிக்கொள்கிறேன். நீ துடுப்புகளோடு வந்துவிடு.

சால்மன் சூப் அடுப்பில் இருக்கிறது. சதகுப்பைக் கீரையைத் தூவிக்கொள்.

பி.கு.: பஸ் ஓட்டுநரிடம் சொல்லிவிட்டேன். துடுப்புகளுக்குத் தனி டிக்கெட் வேண்டாமாம்.

இன்னொன்று: ஹென்னாவின் அறையில் நம் பக்கம் மூன்றாவது நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. துடுப்புகளை அதில் சாய்த்துவிட்டு, நீ என் பக்கத்தில் உட்கார்.

நம் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். இரண்டு தலையணையும் ஒரே கட்டிலில் கிடக்கட்டும்.