நான் தைத்த கறுப்பு அங்கி

ஜூன் 5, வியாழன்

முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. காலையில் தையல் மிஷினை இறக்கித் துடைத்தேன். சனிக்கிழமை குடியிருப்பு மைதானத்தில் எங்கள் சபை வாலிபர் குழு பிள்ளைகளுக்கு நாடகம் போடுகிறது. குழுவுக்குத் தலைவி என் மகள். கதை என்னுடையது. முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் உதாரணம் சொல்லியே காலம் தள்ளியவளாயிற்றே! பாவம் என்றால் ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியும்? கண்ணால் பார்த்தால் புரியும். வெள்ளை அங்கி, அதன்மேல் கறுப்பு அங்கி. கறுப்புக்கு முதுகில் ஒரே ஓட்டுத் தையல், நூலை இழுத்தால் மொத்தமும் கழன்று விழும். அப்போது பிள்ளைகள் "கறுப்பே போ! வெள்ளையே வா!" என்று கத்த வேண்டும். மகள் ஒத்திகையில் இழுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க ரிட்டயர் ஆகியிருக்கவே கூடாது" என்றாள். மனசு குளிர்ந்துவிட்டது.

ஜூன் 7, சனி

அங்கி போட வேண்டிய எங்கள் குழுவின் கிட்டார்க்காரனுக்குக் காய்ச்சல். மகள் கூட்டத்தைப் பார்த்து, "யாரு வர்றீங்க?" என்றாள். ஐந்தாறு மொழிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள், எழுபது பேர் இருக்கும். முதலில் ஓடி வந்தது எங்கள் குடியிருப்புச் சலவைக்கடைக்காரியின் மகள். அத்தனை பேரிலும் நல்ல கறுப்பு அந்தப் பிள்ளைதான். அங்கி தரையில் புரண்டது.

"இது என்ன கலர்?"

"கறுப்பு!"

"கடவுளுக்குக் கறுப்பு பிடிக்குமா?"

"பிடிக்காது!"

எழுபது குரல். நான் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டேன். ஆமாம், போட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நூலை இழுத்தார்கள். கைதட்டல். பிள்ளை சிரிக்கவில்லை. வெள்ளைத் துணிக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் நீட்டிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது: "அக்கா, இன்னும் போகலையே?"

சிரித்தார்கள். பிள்ளைகள் மட்டுமா? எங்கள் குழுவும்.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் திரையில் வீடியோ போட்டார்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் ஆண்டவருக்காகக் கை தூக்கினார்கள் என்று போதகர் அறிவித்தார். பலூன் யாருக்கு வேண்டும் என்று கேட்டபோதும் அதே கைகள்தானே தூக்கின?

"இன்னும் போகலையே" வந்தது. சபையே சிரித்தது. பக்கத்திலிருந்த அம்மாள், "எவ்வளவு வெகுளி பாருங்க டீச்சர், ஸ்தோத்திரம்" என்று என் தோளில் சாய்ந்தாள். அவளை விலக்கிவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

மாடிப்படியில் பிள்ளைகள் வரிசையாக நின்று, "கறுப்பே போ! கறுப்பே போ!" நடுவில் அந்தப் பிள்ளை, பால் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. என் வாசகம். நான் ஓசை பார்த்து எழுதியது. அதட்டி விரட்டினேன். அந்தப் பிள்ளையும் அவர்களோடு சேர்ந்து ஓடிவிட்டது, என்னைப் பார்த்துப் பயந்து.

சலவைக்கடைக்குப் போனேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை.

"டீச்சரம்மா, எங்க சாமி வேற. பரவாயில்ல, பாட்டு கேக்கட்டும்னு அனுப்பினேன். மூணு நாளா பாத்திரம் தேய்க்கிற நாரால கையைத் தேய்க்குது. தோல் உரிஞ்சிருக்கு."

"மன்னிச்சிரும்மா. அதை எழுதினது நான்தான்."

"இங்க வந்து சொல்றீங்க. இங்க நானும் இந்தத் துணியும்தான் இருக்கோம். அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க இல்ல? அத்தனை பேர் முன்னாடி சொல்லுங்க."

ஜூன் 11, புதன்

மகளிடம் சொன்னேன். "அம்மா, அது பாவத்தோட கறுப்பு. தோல் கறுப்பு இல்ல. அவங்க தப்பா எடுத்துக்கிட்டா நாம என்ன பண்றது?"

"உதாரணம் சரியா தப்பான்னு சொல்ல வேண்டியது சொன்னவ இல்லடி, கேட்ட பிள்ளை."

"அந்த உதாரணத்தைக் குடுத்ததே நீங்கதானே!"

அவளுக்கு ஏழு வயதில் இதே போல் எத்தனை உதாரணம் ஊட்டியிருப்பேன்?

போதகருக்குப் போன் செய்தேன். "பெரிசாக்காதீங்க டீச்சர். மன்னிப்புன்னு போனா அந்தப் பக்கம் நம்ம ஊழியம் அவ்வளவுதான்." ஊழியம் போய்விடுமாம். தோல் போனது போகட்டுமாம். சீ!

ஜூன் 14, சனி

இரண்டாவது நாடகம். அதே மைதானம், அதே அங்கி. கிட்டார்க்காரனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, அவனே மாட்டிக்கொண்டான். மகள் மைக்கை எடுக்குமுன் நான் எடுத்தேன்.

"போன வாரம் கடவுளுக்குக் கறுப்பு பிடிக்காதுன்னு சொன்னோம். அது பொய். அந்தப் பொய்யை எழுதினது நான். இனிமே யாரும் அதைச் சொல்லக் கூடாது."

கிட்டார்க்காரன் ஒயரைப் பிடுங்கினான். மைக் செத்தது. ஐம்பது பிள்ளை வகுப்பில் கடைசி பெஞ்சுவரை கேட்கும் குரலை யார் பிடுங்குவது? இன்னொரு முறை முழுவதும் சொன்னேன். ஒரு பொடியன், "அப்ப பலூன் கிடையாதா?" என்றான். மகள் என் முழங்கையைப் பிடித்து, "போதும்மா, என்னை அசிங்கப்படுத்தாதீங்க" என்று அழுதாள். கூட்டம் கலைந்தது.

சலவைக்கடை வாசலில் அவள் நின்றிருந்தாள். தலையாட்டவில்லை. உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

சபையில் என் பெஞ்சில் நான் மட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

இரண்டு வாரமாகப் பேசாத மகள் நேற்று வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "அந்த நாடக வீடியோவை அழிச்சிட்டேன்" என்றாள். "அழிக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ பார்த்தேன்" என்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

இன்று மாலை மைதானத்தில் பிள்ளைகள் தொட்டுப்பிடித்து விளையாடினார்கள். துரத்தும் முறை அந்தப் பிள்ளைக்கு. முழங்கை வரை பொருக்கு காய்ந்திருந்தது. நல்ல வேகம், ஒருவனும் தப்பவில்லை. நான் வருவதைப் பார்த்ததும் கால் நின்றது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது.

திரும்பிவிட்டேன். இனி கடைக்குக் குடியிருப்பின் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். பத்து நிமிஷம் கூட ஆகும், முழங்கால் வலிக்கும். வலிக்கட்டும். பிள்ளை விளையாடட்டும்.