கறார் கடையில் பேரம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். அங்கே நீ, மாமா, பிள்ளைகள் எல்லாரும் சுகந்தானே? நானும் சுகம் என்று எழுதினால் ஓட்டைப் பாத்திரத்தை நல்லது என்று தலையில் கட்டுவது போல ஆகிவிடும். போனில் அப்படித்தான் உனக்குக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் கடிதம்.

வரும் பதினெட்டாம் தேதி கோர்ட்டில் விவாகரத்துக்குக் கடைசிக் கையெழுத்து. சண்டை சச்சரவு இல்லை. போன மாதம் வக்கீல் அறையில் அவளைப் பார்த்தபோது, "நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள். ம் என்றேன். "உங்ககிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும்னா நானும் ஒரு குக்கர் வாங்கத்தான் வரணும்போல" என்று முன்பு ஒருமுறை சொன்னாள். அன்றைக்கு நான் சிரித்தேன். தப்பு என் மேலும் உண்டு.

கடை ஓடுகிறது. ஒன்று சொல்கிறேன், மாமாவிடம் சொல்லிச் சிரிக்காதே. பதினேழு வருஷமாக ஒரே விலை, பேரமே கிடையாது என்று நடத்தியவன் நான். கடைத்தெருவில் என் பேரே 'கறார்'தான். இப்போது யாராவது விலை கேட்டால், "நீங்க சொல்லுங்களேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போடுகிறேன். போன வாரம் ஒரு அம்மா ஒரு வாணலிக்கு முக்கால் மணி நேரம் பேசினார். மருமகள் கோபம், பேரனின் பல்வலி எல்லாம் கேட்டுக்கொண்டேன். கடைசியில் அவர் கேட்ட விலைக்கே கொடுத்தேன். "ஏம்ப்பா, இதை முதல்லயே குடுத்திருந்தா நான் எப்பவோ வீட்டுக்குப் போயிருப்பேன்ல?" என்றார். அதுதான் எனக்குப் பயம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நெஞ்சை அடைக்கிறது என்று டாக்டரிடமும் போனேன். பயப்படாதே, இதயத்தில் கோளாறு இல்லையாம். கடை சாத்தின பிறகு யாரோடு பேசுவீர்கள் என்று கேட்டார். டி.வி.யோடு என்றேன். அவர் சிரிக்கவில்லை. தினமும் நடக்கச் சொன்னார், ஒரு மன ஆலோசகருக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். பத்து நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்துவிட்டு நேற்றுப் போனேன். ஒரு மணி நேரமும் பாத்திர வியாபாரத்தைப் பற்றியே பேசிவிட்டு வந்தேன். அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார். போவேன்.

நீ வருகிறேன் என்று இரண்டு தடவை சொன்னாய். எதற்கு வீண் அலைச்சல் என்று நான்தான் தட்டிக் கழித்தேன். கோர்ட்டுக்கு உள்ளே நீ வர வேண்டாம். அங்கே வக்கீல் இருக்கிறார், கையெழுத்துப் போட எனக்கும் தெரியும். போட்டுவிட்டு வெளியே படியிறங்குவேன் பார், அப்போது எந்தப் பக்கம் திரும்பி நடப்பது என்றுதான் புரியவில்லை. அந்தப் படிக்கட்டில் நீ நின்றால் போதும்.

லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். வந்துவிடு அக்கா.

உன் தம்பி