ரத்தம் ஊற்றாத குழாயும் சிவந்தது

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன், மாமா. நேற்று திண்டிவனத்து லேபில் என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தடவினார்கள். அந்த வாசனைக்கு நீங்களே எதிரில் வந்து நின்றது போல இருந்தது. சீட்டில் மெக்னீசியம் என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். "இதை எங்க அக்கா புருஷன் அறுபதுகளிலேயே விழுப்புரத்துல பார்த்தவரும்மா" என்றேன். அந்தப் பெண் சிரித்தாள். அவளுக்கென்ன தெரியும்?

அப்போது அக்காவுக்கு வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. திண்டிவனத்து டாக்டர் கால்சியம் ஊசி போட்டும் நிற்கவில்லை. "மெக்னீசியம் கொறைஞ்சிருக்கும்னு சந்தேகம். தெரியாம ஊசி போட்டா மூச்சே நின்னுடும். மெட்ராஸுக்குத்தான் அனுப்பணும்" என்றார். "அதுவரைக்கும் தாங்க மாட்டா சார், விழுப்புரத்துல எங்க லேப்ல நானே பாக்கறேன்" என்றீர்கள். ரத்தம் எடுக்க, சொந்தப் பெண்டாட்டி கையில் ஊசி ஏற்றினீர்கள். உங்கள் கை இம்மி அசையவில்லை. கல்லில் செதுக்கிய கை!

ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் வர, நம்மைப் பார்த்ததும் பாசஞ்சர் வண்டியே நின்றது. கார்டு எனக்கு சல்யூட் வைத்தார்.

விழுப்புரத்தில் உங்கள் லேபில் குழாய்களை நான்தான் கழுவினேன். எட்டாவது வரை படித்தவன் கழுவினால் எப்படி இருக்கும்? வைரம்! நீங்கள் ஒன்றில் அக்காவின் ரத்தத்திலிருந்து பிரித்த நீரை விட்டீர்கள். ஒப்புப் பார்க்க இன்னொன்றில் ரத்தமே விடவில்லை. இரண்டிலும் மஞ்சள் சாயம். மெக்னீசியம் இருக்கிற அளவுக்கு அது சிவக்கும் என்றீர்கள். இரண்டுமே சிவந்தன.

"எதுல கழுவின மச்சான்?"

"கெணத்துத் தண்ணியிலதாங்க மாமா. நல்லா தேய்ச்சிக்கினு கழுவுனேன்."

"காய்ச்சி வடிச்ச தண்ணி பாட்டில்ல இருக்குதே?"

"அத்த எதுக்குங்க வீணாக்கணும்?"

"அடப் பேஜாரு புடிச்சவனே! அந்த உப்புத் தண்ணி பூரா மெக்னீசியம்தான்டா. கெணத்துக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. ஒங்க அக்காவுக்கு எப்படின்னு பாக்க வாணாமா? ஜல்தி அந்த பாட்டில எடு!"

வடித்த நீரில் அலசி, மீதியிருந்த ரத்த நீரை வைத்து மறுபடி பார்த்தீர்கள். அக்காவின் குழாய் சிவக்கவேயில்லை. லேசாக நிறம் மாறியதோடு சரி. தபாலாபீஸுக்கு ஓடி டிரங்க் கால் போட்டோம். டாக்டர் மெக்னீசியம் ஊசி போட்டார். மறுநாள் அக்கா டம்ளரைத் தானே பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் காபி குடித்தாள்.

நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அந்தப் பெருமையை நான்தான் ஒலக்கூர் வரைக்கும் சுமந்து திரிகிறேன். நாலு சுற்று கூடத்தான் சுற்றிச் சொல்கிறேன், இருக்கட்டும்.

ஆனால் உங்களிடமே எழுதும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கை அசையவில்லை என்பது என் கைச்சரக்கு. இரண்டாம் முறை சாயம் விட்டபோது அக்காவின் கையைவிட உங்கள் கைதான் அதிகம் நடுங்கியது. வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் விட்டீர்கள், மாமா. அளவு தப்பவில்லை.