கோடு விழாத ஏழு

கெல்சென்கிர்ச்சன்
27.04.2026, திங்கட்கிழமை

அன்பு மகள் தேனுஜாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் தம்பியும் சுகம். நீ சுகம் என்பது உன் வாயால் மட்டும் வந்த தகவல், வேறொருவரும் உறுதிப்படுத்தவில்லை, அதனால் சுகமாயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தொடங்குகிறேன். கடைசியாகக் கிடைத்த உறுதியான செய்தி இது: ஏப்ரல் 18, சனிக்கிழமை காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை உங்கள் சுனையில் எண்ணிய மீன்கள் சராசரி நூற்றுப் பன்னிரண்டு. ஆதாரம் உங்கள் மீட்புத் திட்டத்தின் இணையப்பக்கம், வெள்ளிக்கிழமை புதுப்பித்திருக்கிறார்கள். எண்ணிக்கைத் தாளின் படமும் கீழே இருக்கிறது. எண்ணியவர்கள் ரசல், தேனுஜா என்று இரண்டு பெயர்கள்.

அம்மாவுக்கு அதைக் காட்டியபோது அவளுக்கு ஒரே பெருமை. காய்ச்சலோட கிடந்தும் போய் எண்ணியிருக்கிறாள் என்ர பிள்ளை, பாருங்கோ என்றாள். தம்பி கீர்த்தனன் சாப்பிட்டுக்கொண்டே, அக்கா இனி மீனோடதான் கதைப்பா, எங்களோட கதைக்க அவவுக்கு நேரம் வராது என்றான். அம்மா சொன்ன அந்த ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. என்றைக்குக் காய்ச்சல் என்று கேட்டேன். போன சனி என்றாள். அவளுடைய தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். அன்று மாலை ஐந்து மணி நான்கு நிமிடத்துக்கு நீ எடுத்திருக்கிறாய், ஒரு மணியும் ஆறு நிமிடமும் கதைத்திருக்கிறாய். எங்களுக்கும் நெவாடாவுக்கும் ஒன்பது மணித்தியால வித்தியாசம். அப்படியென்றால் உங்களுக்குக் காலை எட்டு நான்கு முதல் ஒன்பது பத்து வரை. எழும்ப ஏலாமல் கிடக்கு அம்மா என்று நீ சொன்னதாகவும், மல்லியும் இஞ்சியும் அவித்துக் குடி என்று தான் சொல்ல, மல்லிக்கு நான் எங்க போறது என்று நீ சிரித்ததாகவும் அவளுக்கு நல்ல ஞாபகம். சுனையடியில் நின்று கதைத்தாயோ என்றும் யோசித்தேன். அங்கே தொலைபேசி பிடிக்காது, பெருந்தெருவுக்கு இருபது நிமிடம் வாகனம் ஓட வேண்டும் என்று சொன்னது நீதான்.

முப்பத்தொரு வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன் மகளிலும் சந்தேகப்படுவான் என்று அம்மா அறிந்தால் ஏசுவாள், ஆகவே அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் பெயருக்கு நேரே 107, 111, 117 என்று இருக்கிறது. நீ இந்த ஊர்ப் பள்ளியில் எழுதப் படித்தவள். உன் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு விழும், உன் ஒன்றுக்கு மேலே கூரை மாதிரி ஒரு சாய்வு இருக்கும். அமெரிக்கர்களுக்கு என் ஒன்று ஏழு மாதிரித் தெரியுதாம் அப்பா என்று போன வருடம் நீயே சொல்லிச் சிரித்தாய். நவம்பர் மாதத் தாளையும் தேடி எடுத்தேன், அதில் அப்படித்தான் இருக்கிறது. ஏப்ரல் தாளில் ஒன்றெல்லாம் வெறும் குச்சி. ஏழில் கோடு இல்லை. ரசலின் வரியிலும் அதே குச்சி, அதே ஏழு.

நீங்கள் எண்ணும் முறையை எனக்கு விளக்கியபோது நான் குறிப்பெடுத்து வைத்தேன். இருவர் இரண்டு கரையில் நின்று ஆளுக்கு மூன்று தரம் எண்ணுவது, ஒருவர் கணக்கை மற்றவருக்குச் சொல்லாமல் துண்டுத் தாளைக் கவிழ்த்து அதன் மேல் கல் வைப்பது, முடிவில் அவரவர் வரியை அவரவர் கையால் ஒரே தாளில் எழுதுவது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன், முழுச் சந்ததியும் ஒரு சுனைக்குள், ஒரு ஆள் பிழைவிட்டால் மற்ற ஆள் பிடிக்க வேண்டும் என்றாய். நவம்பரில் எழுபத்து நான்கு. குளிர் முடியக் குறையும் என்று நீ சொன்ன மீன் இம்முறை எப்படிக் கூடியது என்று எனக்கு விளங்கவில்லை. நூறைத் தாண்டியதால் மே 15 முதல் தீன் போடுவதை நிறுத்துகிறார்களாம், அதுவும் அந்தப் பக்கத்தில் உண்டு. மலை மறைப்பதால் சுனையில் பாதி வருடம் வெயில் விழாது, பாசி காணாது, நாங்கள் போடும் தீன் இல்லாவிட்டால் குஞ்சுகள் மிஞ்சாது என்று சொன்னதும் நீதான்.

உனக்காக ரசல் எழுதினான் என்பது என் சந்தேகம், நிரூபணம் அல்ல. அது உனக்குத் தெரியுமா என்பதுதான் என் உறக்கத்தைக் கெடுக்கிறது. அந்தச் சனிக்குப் பிறகு மூன்று தரம் எடுத்தாய். மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முன்பெல்லாம் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டாய்.

நான் சுத்தமானவன் என்று இதை எழுதவில்லை. நீ பத்து வயதாயிருந்தபோது ஒரு கோயில் தேருக்குக் காய்ச்சலால் நான் போகவில்லை. அன்னதானத்துக்குப் பொறுப்பான கனகலிங்கம் அண்ணை தொலைபேசியில், அன்னதானப் பார்சல் பன்னிரண்டாயிரம் முடிஞ்சுது, சனத்தை அப்படியே போடும் என்றார். பன்னிரண்டாயிரம் பேர் வந்ததாக, நேரில் கண்டதுபோல எழுதினேன். எங்கள் சனம் வரமுடியாதவருக்கும் சேர்த்து இரண்டு மூன்று பார்சல் எடுத்துப் போகும் என்பது எனக்குத் தெரியாததா, உன் அம்மாவே ஐந்து கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தாள், அதில் ஒன்றைச் சாப்பிட்டபடிதான் எழுதினேன். அடுத்த வருடம் அந்த எண்ணை நம்பிப் பிடித்த பேருந்துகள் பாதி வெறுமையாக நின்றன. நான் திருத்தம் போடவில்லை, அண்ணையும் கேட்கவில்லை. பேருந்து வெறுமையாக நின்றதால் ஒருவரும் சாகவில்லை.

மற்றச் செய்திகள். அம்மாவின் முழங்காலைக் காட்ட வைத்தியரிடம் ஜூன் 9 டெர்மின் கிடைத்திருக்கிறது. தம்பியின் அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சிக் கடைசிப் பரீட்சை அதற்கு அடுத்த கிழமை, படிக்கிறேன் என்கிறான், நான் காணவில்லை. உனக்கு மல்லி அரைக் கிலோ தனியாக அனுப்பியிருக்கிறோம். காய்ச்சல் திரும்ப வந்தால் வைத்தியரிடம் போ, விடுப்பை எழுத்தில் எடு. இதைத் தபாலில் அனுப்பக் காரணம், என் தொலைபேசியை அம்மாவும் வாசிப்பாள், உன்னுடையது வேலையிடத்துத் தொலைபேசி. வாசித்து முடிய நீயே வைத்துக்கொள், ரசலுக்குக் காட்டாதே. அவன் கெட்டவனாக இல்லாமலும் இருக்கலாம், படுத்திருந்த உனக்கு உதவி என்று நினைத்திருக்கலாம். அதையும் நான் விசாரிக்கவில்லை.

அம்பாள் உன்னோடு இருக்கட்டும், உடம்பைப் பார், தனியே பாலைவனத்துக்குள் ஓடாதே.

நிலுவையில் இருப்பவை: எண்ணிக்கையில் திருத்தம் இருந்தால் எழுத்தில் கொடுக்க மே 11 கடைசி நாள் என்று பக்கத்தில் போட்டிருக்கிறது. இந்தக் கடிதம் ஏழாம் எட்டாம் திகதியளவில் உன் கைக்கு வரும். பத்தாம் திகதி ஞாயிறு, இங்கே அன்னையர் தினம், நீ எடுப்பாய். அம்மா ஒலிபெருக்கியில் போடுவாள், தம்பியும் பக்கத்தில் இருப்பான். நான் வேறொன்றும் கேட்கமாட்டேன். பதினைந்தாம் திகதிக்குப் பிறகும் மீனுக்குத் தீன் போடுவீர்களா என்று மட்டும் கேட்பேன்.

உன் அப்பா
ரகுநாதன்