கண்ணாடி அலமாரி ஏறாத மாடிப்படி

மன்சூரா
வெள்ளிக்கிழமை

அன்புள்ள நெர்மின்,

அந்த ஊர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் இருமாமல் தும்மாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். இங்கே ஆண்டவன் அருளால் எல்லோரும் சுகம், என் இடது கைப் பெருவிரல் மட்டும் கத்திரிக்காய் நிறத்தில் இருக்கிறது, அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். உன் தம்பி ஹைதமின் கல்யாணம் நேற்று நல்லபடியாக நடந்தது. படங்கள் வந்திருக்கும், எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்போம். திங்கட்கிழமை மத்தியானம் அந்தச் சிரிப்பு ஒருவர் முகத்திலும் இல்லை.

அன்றைக்குத்தான் பெண் வீட்டார் தமியாத்திலிருந்து மூன்று லாரியில் சீர் கொண்டுவந்தார்கள். மேளம், குலவை, தெருவே பால்கனியில் நின்றது. மூன்றாவது லாரியில் நிஷ் அலமாரி மட்டும் தனியாக, மணப்பெண் மாதிரி போர்த்திக்கொண்டு வந்தது. சம்பந்தி உஸ்தா பஸ்யூனி தச்சர் அல்லவா, மகளுக்காக எட்டு மாதம் தன் கையாலேயே இழைத்திருக்கிறார். யாரும் சாப்பிடப்போகாத தட்டுகளை அடுக்கிவைக்க அத்தனை பெரிய கண்ணாடி அலமாரியை நான் எங்கும் பார்த்ததில்லை. நான்கு ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஹைதமின் மாடி வீட்டுக்கு ஏறினார்கள், முதல் திருப்பத்திலேயே சிக்கிக்கொண்டது. அந்த மாடிப்படி நான் வரைந்தது. கட்டிலுக்கு அளவு பார்த்தேன், சோபாவுக்குப் பார்த்தேன், சவப்பெட்டி இறங்க வேண்டும் என்றுகூட யோசித்தேன், நிஷ்ஷை மறந்துவிட்டேன். மீன் விற்று என்னைப் படிக்க வைத்த உன் தாத்தா என் கல்யாணத்துக்கு நிஷ் தராமல் வரைபலகை தந்தார், வீட்டில் இல்லாத பொருள் எப்படி நினைவுக்கு வரும்? இதையெல்லாம் தெருவில் நின்று சொல்ல முடியுமா?

சம்பந்தியம்மா ஹாஜா இன்ஷிராஹ் படியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா எஞ்சினியரம்மா, இதுக்கு முன்னாடி என்னதான் கட்டியிருக்கீங்க, புறாக்கூடா?" என்றார். நாலு பேர் பார்த்தாலே என் நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியும். உன் அப்பா சும்மா இருந்திருக்கலாம். என் முப்பத்திரண்டு வருஷத் தொழிலையும் நடுத்தெருவில் ஒப்பிக்க ஆரம்பித்தார். முதல் ஒன்பது வருஷம் பொதுக் கழிப்பறைகள் வரைந்தாள் என்றார், மேளக்காரன் ஒரு தட்டு தட்டினான். அப்புறம் அரிசி ஆலை, குவைத்தில் ஒட்டக ஆஸ்பத்திரி, நாடகக் கம்பெனிக்கு அட்டை அரண்மனை, இரண்டு பள்ளிக்கூடம், ஒரு பிரசவ விடுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. கடைசியில், நீங்கள் சொன்ன புறாக்கூடும் கட்டியிருக்கிறாள், அதற்குத்தான் பரிசே வந்தது என்று பெருமையாக முடித்தார். தெரு விழுந்து விழுந்து சிரித்தது. ஹாஜா சிரிக்கவில்லை. "நிஷ் ஏறாத வீட்டுல என் பொண்ணும் ஏறமாட்டா" என்று சொல்லி லாரியைத் திருப்பச் சொல்லிவிட்டார். ஹைதமின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கழற்றி ஏற்றலாமே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அதில் ஒரு ஆணிகூட இல்லை, கழற்றுவது என்றால் உடைப்பதுதான் என்று பஸ்யூனி அலமாரியைக் கட்டிக்கொண்டார். ஊரில் எல்லோரும் செய்வதுபோல் கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்றலாம் என்றால் அங்கே என் செங்கல் சல்லடைச் சுவர் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் போட்ட கோடுகளில் பாதியை மேலதிகாரி அழித்தார், மீதியை ஒப்பந்தக்காரர் மாற்றினார். அந்தச் சுவர் ஒன்றுதான் நான் வரைந்தபடியே நின்றது. சாயங்கால வெயில் அதன் ஓட்டைகள் வழியாகத் தரையில் விழும் நேரத்தில் வேலை இல்லாவிட்டாலும் போய் நிற்பேன். பஸ்யூனி அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது அவருக்கும் இது அப்படித்தான் என்று புரிந்தது. ஒன்று போனால்தான் மற்றது நிற்கும். நான் மாடிக்குப் போய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டு, ஆயுளில் முதல் தடவையாகத் தெருவைப் பார்த்துக் கத்தினேன். "படி என் தப்புதான். எல்லாரும் தள்ளி நில்லுங்க."

முதல் அடி பெருவிரலில் விழுந்தது. இரண்டாவது அடிக்குள் பஸ்யூனி மூச்சிரைக்க ஓடிவந்து சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார். "நீங்க வரையறதோட நிறுத்திக்குங்க, சம்பந்தியம்மா" என்று சொல்லிவிட்டு, ஒரு கல்கூட உடையாமல் ஒவ்வொன்றாகப் பெயர்த்து மூலையில் அடுக்கினார். மஃரிப் தொழுகைக்கு முன்னால் நிஷ் கயிற்றில் ஆடி ஆடி உள்ளே வந்தது. ஹாஜா வந்து அந்தத் திறப்பில் நின்று, காற்று நன்றாக வருகிறதே, இங்கே எதற்குச் சுவர் வைத்தீர்கள் என்று கேட்டார். நான் விரலை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலையில் பஸ்யூனி தனியாக வந்தார், கையில் கொத்துக்கரண்டி, கூடவே ஒரு மூட்டை சிமெண்ட். சுவரின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அதைப் பார்த்துப் பார்த்து அதே கற்களை அதே இடத்தில் திரும்ப வைத்தார். ஒரு வரிசை கோணிப்போயிருந்தது, நான் சொல்லுமுன் அவரே பிரித்துக் கட்டினார். உங்கள் வீட்டம்மா கேட்டால் என்ன சொல்வது என்றேன். "காத்துல பொண்ணுக்குச் சளி பிடிக்கும்னு சொல்லிக்கலாம். இன்னொண்ணு பாருங்க, பொண்ணு கோவிச்சுக்கிட்டுப் போறதா இருந்தா சாமானையும் எடுத்துக்கிட்டுதானே போகணும்? இனிமே இந்த நிஷ் வெளிய வர வழியே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கடைசிக் கல்லை வைத்தார்.

உன் வயிற்றில் ஒரு பிள்ளையைச் சீக்கிரம் பார்க்கும் பாக்கியத்தை இறைவன் எங்களுக்குத் தரட்டும், உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் மனநிறைவும் கொடுக்கட்டும். மாப்பிள்ளையைக் கழுத்துக்குத் துணி சுற்றாமல் வேலைக்கு அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் ஹாஜாவைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல், அலமாரியை நன்றாகப் புகழ்ந்துவிடு, சுவர் என்ற பேச்சையே எடுக்காதே.

முத்தங்களுடன் உன் அம்மா,
நஜாத்