நிச்சயத்தன்று நாம் ஆடிய பாட்டு

இன்று காலை தங்கையின் குழந்தைக்குப் பவுடர் பூசினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கண்முன் நீ வந்து நின்றுவிட்டாய், தோழி. பிரிக்பீல்ட்ஸில் நம் சால்சா நடன வகுப்பில், சப்பாத்து வழுக்கிச் சுழல வேண்டும் என்று தரையெல்லாம் இதே பவுடரைத் தூவி வைப்பாயே. நீ இறந்த பிறகு இன்றுதான் இந்தப் பவுடர் டப்பாவைத் தொடுகிறேன்.

என் நிச்சயதார்த்தத்துக்கு அந்த ஸ்பானிஷ் பாட்டைத் தேர்ந்தெடுத்தது நான்தான். ட்ரம்பெட்டும் மேளமும் அப்படித் துள்ளும். கிள்ளான் மண்டபத்துக்குள் நீயும் நானும் ஆடிக்கொண்டே நுழைந்தோம். பெரியம்மா, அத்தை எல்லாரும் கைதட்டினார்கள். பாட்டில் ஒரு வார்த்தைகூட எங்கள் யாருக்கும் புரியவில்லை.

மறுமாதமே மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். கண்ட ஆண்களோடு கைகோத்து ஆடுகிற பெண் அவர்களுக்கு ஆகாதாம். அவன் அம்மா காலில் விழுந்தாவது கல்யாணத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று கிளம்பினேன். நீ தடுக்கவில்லை. "வா, நான் ஓட்டுறேன்" என்றாய்.

கிள்ளான் போகிற வழியில், ஜாமில் கார் நின்றபோது அதே பாட்டைப் போட்டாய். கைப்பேசியிலேயே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவள் நீ. வரிவரியாகத் தமிழில் சொன்னாய். பாடுகிறவனை வேண்டாமென்று காதலி கதவைச் சாத்திவிட்டாள். நேசித்தேன் என்பதை அவன் மறைக்கவில்லை. ஆனால் உன் வாசலில் காத்து நிற்க மாட்டேன் என்கிறான்.

"இதையா என் எங்கேஜ்மென்டுக்குப் போட்டோம்?"

"எனக்கு அன்னிக்கே தெரியும்லா. நீ அவ்ளோ சந்தோஷமா இருந்த, எப்படிடி சொல்லுவேன்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"நல்லா கேளு. உள்ளுக்குள்ள நொறுங்கிட்டான். தாளம் தப்புதா பாரு."

தப்பவில்லை. வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் கெஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் சபிக்க வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இரண்டும் செய்யாமல் இவ்வளவு கம்பீரமாக ஒருவனால் அழ முடியுமா என்று மலைத்துப்போனேன். எங்கோ கடல் தாண்டிப் பிறந்த பாட்டு, என் வீட்டு விஷயத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது. நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

நாம் போய்ச் சேர்ந்ததும் மாப்பிள்ளை கேட் வரைக்கும் வந்தான். "டான்ஸ விட்டுட்டேன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்றான். அவன் மேல் எனக்கு ஆசை கொஞ்சமும் குறையவில்லை. இருந்தும் மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்தேன்.

"உங்கள எனக்கு ரொம்பப் புடிக்கும். ஆனா டான்ஸ விட்டுட்டேன்னு சொல்ல மாட்டேன்."

பேசியது நான்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

காரில் ஏறியதும் குனிந்து தேம்பினேன். நீ தட்டிக்கொடுக்கவில்லை. "அழு. நிமிந்து உக்காந்து அழு" என்றாய்.

அதன்பிறகு எந்தத் துக்கம் வந்தாலும் என் முதுகு தானாக நேராகிவிடுகிறது. நீ போன அன்று ஆஸ்பத்திரியில் உன் அம்மா என் மேல் சாய்ந்து கதறினார்கள். சாய்வதற்கு அவர்களுக்கு ஒரு தோள் இருந்தது.